சாரலும் அப்பர்ச்சர் ரிங்கும்

கேமரா லென்ஸின் கழுத்தைச் சுற்றியிருக்கும் அப்பர்ச்சர் ரிங்குக்கு ஒரே வேலைதான். உள்ளே அடுக்கியிருக்கும் மெல்லிய பிளேடுகளை விரித்தும் சுருக்கியும் ஃபிலிமுக்குப் போகும் வெளிச்சத்தை அது அளந்து விடுகிறது. 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று ரிங்கில் பொறித்த எஃப் எண்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போனால் வெளிச்சம் பாதியாகும். திரும்பி வந்தால் இரட்டிப்பாகும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே இருக்கும் இலஞ்சி போன்ற மலையடிவாரத்து ஊர்களில் பழைய கேமராவை பீரோவிலிருந்து வெளியே எடுத்தால் பெரும்பாலும் இரண்டு கோளாறுகள் கண்ணில் படும். ஒன்று, கண்ணாடியில் படர்ந்த பூஞ்சை. மற்றது, எவ்வளவு திருப்பினாலும் அசையாத இந்த ரிங். பூஞ்சையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ரிங் இறுகுவதற்குக் காரணங்கள் அதைவிடப் பல. அவற்றில் பாதி அதன் பிறப்பிலேயே இருக்கின்றன.

தொடக்கத்தில் ரிங் என்று எதுவும் கிடையாது. 1820களில் பிரான்ஸின் நியெப்ஸ் தம் புகைப்படச் சோதனைகளில் விரிந்து சுருங்கும் ஐரிஸைப் பயன்படுத்தியிருந்தார். ஆனால் அது தொழிலுக்குள் வரவில்லை. 1839இல் தாகேரின் புகைப்பட முறை வெளியானபோது லென்ஸின் முன்னால் வைத்த ஒரு வட்டத் துளையே அப்பர்ச்சர். அடுத்த ஆண்டு ஜோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வகுத்த உருவப்பட லென்ஸை வொய்க்லேண்டர் நிறுவனம் செய்து விற்றது. எஃப் 3.6 அளவுக்குத் திறந்த அந்த லென்ஸ் வந்த பிறகுதான் படத்துக்கு உட்காருபவர் அசையாமல் இருக்கவேண்டிய நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளுக்கு இறங்கியது. 1858இல் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஹவுஸ் ஒரு எளிய வழி சொன்னார். லென்ஸ் குழாயின் பக்கவாட்டில் ஒரு பிளவு. அதில் வெவ்வேறு அளவில் துளையிட்ட தகடுகளை வேண்டியபடி செருகிக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டில் இறுகுவதற்கு எதுவும் இல்லை, தொலைவதற்குத்தான் நிறைய இருந்தது. அந்தக் காலத்து லென்ஸ் இன்று விலைக்கு வந்தால் தகடுகள் முழு செட்டாகக் கூட வருவது அபூர்வம்.

புகைப்படம் சென்னை மாகாணத்தில் காலூன்றியதும் அதே ஆண்டுகளில்தான். அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் படமெடுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அதே பத்தாண்டில் சென்னைப் புகைப்படச் சங்கம் அமைந்தது. மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை ஆகிய இடங்களில் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. பெரிய மரக் கேமரா, மெழுகேற்றிய காகித நெகட்டிவ், நீண்ட எக்ஸ்போஷர். கோபுரத்தின் அடித்தளமும் உச்சியும் ஒரே கூர்மையில் விழவேண்டுமானால் துளையைச் சிறிதாக்கிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோபுரம் நகராது என்பதால் அந்தக் காத்திருப்பு கட்டுப்படியானது. அருவி அப்படியல்ல. குற்றாலத்தின் பேரருவியை அத்தகைய கேமராவில் எடுத்தால் பாறை கூர்மையாகவும் தண்ணீர் வெறும் வெண்புகையாகவும்தான் பதியும்.

ரிங் பிறந்தது 1880களை ஒட்டி, ஐரிஸ் பிளேடுகள் விற்பனை லென்ஸ்களில் பரவலானபோது. பித்தளைக் குழாய்க்குள் வளைந்த பிளேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பிளேடின் இரு முனையிலும் கடுகைவிடச் சிறிய ஒரு குமிழ். ஒரு குமிழ் அசையாத தட்டின் துளையில் உட்காரும். மற்றது சுழலும் தட்டின் பள்ளத்தில் ஓடும். வெளியே ரிங்கைத் திருப்பினால் சுழல்தட்டு நகர்ந்து எல்லாப் பிளேடுகளும் ஒருசேர மடியும். பிளேடின் எண்ணிக்கையும் உலோகமும் மாறியிருக்கின்றனவே தவிர, இன்றைய லென்ஸிலும் அமைப்பு இதுதான்.

எண்கள் ஒழுங்குக்கு வர இன்னும் நாளாயிற்று. 1881இல் பிரிட்டனின் புகைப்படச் சங்கம் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் தனி வரிசை ஒன்றை வகுத்தது. அதில் 16 என்பது இன்றைய எஃப் 16தான். ஆனால் 8 என்பது எஃப் 11, 4 என்பது எஃப் 8. கோடாக் மடிப்புக் கேமராக்களில் இந்த வரிசை முதல் உலகப்போருக்குப் பின்னும் நீடித்தது. ஜெர்மன் லென்ஸ்களில் 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18 என்று வேறொரு வரிசை. தாத்தா காலத்துக் கேமராவில் ஃபிலிம் போட்டுப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் படத்தைக் கருக்கவோ வெளுக்கவோ விடுவது இன்றும் நடக்கிறது. அதற்கு ரிங்கைக் குறை சொல்ல முடியாது.

ஊர்களின் ஸ்டுடியோக்களில் ரிங்குக்கு அதிக வேலை இருந்ததில்லை. தமிழகத்தில் 1880 முதல் 1980 வரை இயங்கிய ஸ்டுடியோக்களின் படங்களையும் நெகட்டிவ்களையும் பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திரட்டி ஆவணப்படுத்தியிருக்கிறது. வரைந்த திரை, நாற்காலி, பூச்சாடி, நேராக நிற்கும் குடும்பம் என்று ஒரே அச்சில் வார்த்த படங்கள் அக்காலத்தில் ஏராளம். வெளிச்சமும் தூரமும் மாறாதபோது அப்பர்ச்சரை மாற்ற வேண்டிய தேவை எங்கே வரும்? ஒரு எண்ணில் வைத்த ரிங் வருடக்கணக்கில் அதே எண்ணில் நிற்கும். கிரீஸ் உறைவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஓயாமல் வெளியில் சுற்றி அடிபட்ட லென்ஸின் ரிங் லேசாகத் திரும்புவதும், அலுங்காமல் குலுங்காமல் இருந்த ஸ்டுடியோ லென்ஸின் ரிங் பாறையாக நிற்பதும் இதனால்தான்.

35 மில்லிமீட்டர் கேமரா ரிங்கைச் சிறிதாக்கியது, சிக்கலாக்கவும் செய்தது. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்காவின் எல்மார் லென்ஸில் அப்பர்ச்சரை மாற்ற முகப்பில் நகநுனி அளவுக்கு ஒரு நீட்டல்தான். லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும் எஸ்.எல்.ஆர். கேமரா வந்தபோது புதுத் தேவை எழுந்தது. பார்க்கும்போது துளை முழுதாகத் திறந்திருக்க வேண்டும். சொடுக்கும் நொடியில் குறித்த எண்ணுக்குச் சுருங்க வேண்டும். முதலில் இதற்கு இரட்டை ரிங் வைத்தார்கள். 1957இன் அசாஹி பென்டாக்ஸ், 1959இன் நிக்கான் எஃப் ஆகியவை வந்த காலத்தை ஒட்டி லீவர், ஸ்பிரிங், கேம் எல்லாம் உள்ளே போய் வேலை தானாக நடக்கத் தொடங்கியது. ரிங் அப்போது பிளேடுகளை நேராக அசைப்பதை விட்டு, எதுவரை சுருங்கலாம் என்ற எல்லையைக் குறித்துக் கொடுக்கும் உறுப்பாயிற்று. எண்ணுக்கு எண் ‘டிக்’ என்று நிற்பதற்காக ரிங்குக்கு அடியில் ஒரு சின்ன எஃகுக் குண்டும் ஸ்பிரிங்கும் வைத்தார்கள். பழுதுபார்ப்பவர்களின் வயிற்றெரிச்சலைப் பின்னாளில் கொட்டிக்கொண்டது அந்தக் குண்டுதான்.

தென்காசிப் பக்கத்துக்கு இந்தக் கேமராக்கள் பல வழிகளில் வந்து சேர்ந்தன. நடுத்தரக் குடும்பத்தின் முதல் கேமரா பெரும்பாலும் ஆக்ஃபா கிளிக் 3. 120 ஃபிலிமில் பன்னிரண்டு படம் எடுக்கும். எண்கள் கிடையாது, வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று குறி மட்டும் இருக்கும். சோவியத் நாட்டின் ஜெனிட்டும் அதன் ஹீலியஸ் லென்ஸும் கனமானவை, விலை மலிவு. 1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் கடுமையாக இருந்ததால் ஜப்பான் கேமராக்கள் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தோடுதான் வந்தன. இதில் தென்காசி வட்டாரத்துக்கு ஒரு தனி வசதி இருந்தது. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சிங்கப்பூரில் குடியேறியிருந்தன. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கியது. விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவரின் பெட்டியில் சேலை, சென்ட், டார்ச் லைட்டோடு யாஷிகா கேமராவும் இருக்கும். எழுபதுகளுக்குப் பிறகு வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்தன. 1976இல் வெளியாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் தயாரிப்பில் இருந்த பென்டாக்ஸ் கே1000, கல்யாண வீடுகளில் படமெடுத்தவர்களின் நம்பிக்கைக்குரிய கேமராவானது. கறுப்பு வெள்ளைக்கு ஊட்டியின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் செய்த ‘இந்து’ ஃபிலிம் கிடைத்தது.

வந்த இடத்தின் தட்பவெப்பம் இந்தப் பொருட்களுக்கு ஒத்துவரவில்லை. தென்காசி மழைமறைவுப் பகுதி; ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் விழும், அருவிகளில் தண்ணீர் கொட்டும். அதுதான் சீசன். பேரருவிக்கோ ஐந்தருவிக்கோ முன்னால் நின்று எடுக்கும் கேமராவின் மேல் மழையே இல்லாவிட்டாலும் திவலை படியும். காற்று வலுத்த நாட்களில் புழுதியும் கூடச் சேரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கோடை வந்தால் அதே லென்ஸ் இரும்பு பீரோவுக்குள் பல வாரம் புழுங்கும். மாறாத ஈரத்தையோ மாறாத வெயிலையோ விட இப்படி மாறி மாறி வருவதுதான் கெடுதல்.

கிரீஸ் என்பது சோப்பு போன்ற ஒரு கெட்டிப்பொருள் பிடித்து வைத்திருக்கும் எண்ணெய். வெப்பம் ஏறினால் எண்ணெய் மெல்லப் பிரிந்து வெளியே கசியும். சில பங்கு ஆவியாகும். எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். ரிங்குக்கும் குழாய்க்கும் இடையே விட்டிருக்கும் இடைவெளி தலைமுடி அளவுதான் என்பதால் அந்தப் பிசினே பசையாகி இரண்டையும் ஒட்டிவிடுகிறது. கசிந்த எண்ணெயும் சும்மா இருக்காது. உலர்ந்தே இருக்கவேண்டிய பிளேடுகளுக்கு ஊர்ந்துபோய் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். அலுமினிய ரிங் பித்தளைக் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் லென்ஸில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூள் பூக்கும். அதுவும் ரிங்கைப் பிடிக்கும். இவை இயற்கையாக வருபவை. கீழே விழுந்து ரிங் நெளிவது, முன்பு பிரித்தவர் திருகை அளவுக்கு மீறி முடுக்கியது, உள்ளே இருந்த மெல்லிய வாஷரை மாற்றிப்போட்டது என்று மனிதக் கைகள் செய்துவைப்பவையும் உண்டு. பழுதுக்கு வரும் லென்ஸில் திருகின் தலை மழுங்கியிருந்தால் யாரோ ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இறுகாமலே இறுகியதுபோல் காட்டும் ரிங்குகளும் இருக்கின்றன. நிக்கானின் பிற்கால ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் கடைசி எண்ணில் ரிங்கைப் பூட்டிவைக்க ஒரு சின்ன நகர்த்தி உண்டு. அதைத் தள்ளினால் விடுபடும். பென்டாக்ஸ் ஏ வகை லென்ஸில் பச்சை நிற ‘ஏ’ குறியில் நிற்கும் ரிங், பக்கத்துப் பொத்தானை அமுக்கினால்தான் நகரும். ஜெனிட்டோடு வரும் ஹீலியஸ் 44-2இல் இரண்டு ரிங். ஒன்றில் எண்ணைக் குறிக்க வேண்டும். மற்றது முழுத் திறப்புக்கும் அந்த எண்ணுக்கும் இடையே மட்டும் ஓடும். முதல் ரிங் 2இல் இருந்தால் இரண்டாவதற்கு ஓட இடமே இல்லை. இது தெரியாமல் லென்ஸ் கெட்டுவிட்டது என்று மூலையில் போட்டவர்கள் பலர். ரெட்டினா 2சி போன்ற மடிப்புக் கேமராக்களில் ஷட்டர் வேகமும் அப்பர்ச்சரும் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் கொக்கியை அமுக்காமல் அப்பர்ச்சர் தனியே நகராது. பலப்பிரயோகத்துக்கு முன் இவற்றைப் பார்த்துவிடுவது நேரத்தையும் லென்ஸையும் காக்கும்.

உண்மையாகவே இறுகியதுதான் என்றால், கோளாறு ரிங்கிலா பிளேடுகளிலா என்று பிரித்தறிவது அடுத்த வேலை. லென்ஸைக் கழற்றி பின்புறத்து லீவரை விரலால் தட்டினால் பிளேடுகள் படக்கென்று விரிந்து சுருங்க வேண்டும். அவை நன்றாக ஓடி ரிங் மட்டும் நின்றால் சிக்கல் ரிங்கின் உராய்வுப் பரப்பில். ரிங் திரும்பியும் பிளேடுகள் சோம்பினால் எண்ணெய் உள்ளே போய்விட்டது. அதற்குக் கண்ணாடிகளையும் கழற்ற வேண்டியிருக்கும், அது இதைவிடப் பெரிய வேலை.

வீட்டு வைத்தியங்களில் முதலிடம் எண்ணெய்க்கு. ரிங்கின் ஓரத்தில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டால் அன்றைக்கு நெகிழத்தான் செய்யும். சில வாரங்களில் அந்த எண்ணெய் பிளேடுகளுக்கு இறங்கி, சின்னப் பழுதைப் பெரிய பழுதாக்கிவிடும். தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம்: 24, 25 டிகிரியில் அது உறையத் தொடங்கும், சாரல் காலத்துக் குளிருக்கு அது போதும். வெயிலில் வைத்துச் சூடாக்குவதும் ஆபத்து. பழைய லென்ஸ்களின் கண்ணாடிகளை ஒட்டியிருப்பது கனடா பால்சம் என்ற மரப்பிசின். சூடு மிஞ்சினால் அது இளகி ஒட்டு பிரியும். குறடு கொண்டு திருப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முறையான வழி பின்புறத்திலிருந்து பிரிப்பது. கே1000இல் அதிகம் காணப்படும் 50 மில்லிமீட்டர் எஃப் 2 லென்ஸை எடுத்துக்கொண்டால், கேமராவோடு பொருந்தும் மவுண்ட் தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றினாலே ரிங் வெளியே வந்துவிடும். அந்தத் திருகுகள் ஜப்பானியத் தர அளவில் செய்தவை. கடையில் கிடைக்கும் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் அவற்றில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் தலை தேயும். அரக்கு வைத்து முடுக்கிய திருகுக்கு ஊசி முனையால் ஒரு துளி அசிட்டோன் தொட்டுச் சிறிது பொறுத்தால் இளகும். லென்ஸை முகம் கீழாக, விளிம்புள்ள தட்டில் விரித்த வெள்ளைத் துணியின் மேல் நிறுத்தி, மவுண்ட்டை மிக மெதுவாக நேராகத் தூக்க வேண்டும். ரிங்கை உயர்த்தும்போது, மிளகைவிடச் சிறிய அந்த எஃகுக் குண்டு ஸ்பிரிங்கின் உந்தலில் தெறிக்கப் பார்க்கும். சிமெண்ட் தரையில் விழுந்தால் தேடுவது வீண். ரிங்கைக் கையால் பொத்தித் தூக்குவதும், காந்தம் ஏற்றிய ட்வீசரைப் பக்கத்தில் வைத்திருப்பதும் அனுபவசாலிகளின் பழக்கம். எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படமெடுத்துக்கொள்வது இந்தத் தலைமுறைக்குக் கிடைத்த வசதி. முன்பு நோட்டில் வரைந்து வைப்பார்கள்.

வெளியே வந்த ரிங்கின் உட்புறத்தில் பழைய கிரீஸ் தேன்நிறத்திலோ, உலோகத்தூள் கலந்து கறுப்பாகவோ ஒட்டியிருக்கும். வாட்ச் கடைக்காரர்கள் பெட்ரோலில் கழுவுவதுபோல் லைட்டர் நாப்தாவில் நனைத்த பஞ்சால் அதைத் துடைத்தெடுக்கலாம். பக்கத்தில் விளக்கோ அடுப்போ இருக்கக்கூடாது. அலுமினியத்தில் பூத்த வெள்ளைத் தூளை மரக்குச்சியால் சுரண்ட வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் இடைவெளி கூடி ரிங் ஆடத் தொடங்கிவிடும். எண்கள் பொறித்த பக்கத்தில் அசிட்டோன் படக்கூடாது, நிறம் கரைந்துவிடும். பிறகு லென்ஸுக்கென்றே விற்கும் கிரீஸை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பூச வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: நிறையப் பூசினால் நெடுநாள் உழைக்கும் என்று நினைக்கிறார்கள்; மிஞ்சியது முழுவதும் அடுத்த கோடையில் பிளேடுகளுக்குப் போகும். குண்டு தன் குழியில் நிற்க அதன் மேலும் ஒரு தொடு கிரீஸ். ரிங்கை இறக்கும்போது அதன் உட்பல் அப்பர்ச்சர் கேமோடு கோத்துக்கொள்ள வேண்டும்; கோக்காவிட்டால் ரிங் அருமையாகச் சுற்றும், துளை மாறவே மாறாது. திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கி, நடுநடுவே 2 முதல் 22 வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். முடுக்க முடுக்க ரிங் கனத்தால் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

நெளிந்த ரிங்கும் உடைந்த கேமும் இந்த முறைக்கு அடங்காது. அவற்றுக்கு அதே மாதிரியில் பூஞ்சை தின்ற இன்னொரு லென்ஸை வாங்கிப் பாகம் எடுப்பதுதான் வழக்கம்.

இந்தக் கைவேலைக்குத் தேவை குறைந்தது ரிங்கே இல்லாத லென்ஸ்கள் வந்தபோது. 1987இல் கேனான் ஈ.எஃப். வரிசையில் அப்பர்ச்சரை லென்ஸுக்குள் இருக்கும் மோட்டாரிடம் ஒப்படைத்தது. நிக்கான் 2000ஐ ஒட்டி வந்த ஜி வகையில் ரிங்கை எடுத்துவிட்டது. டிஜிட்டல் வந்து ஃபிலிம் கேமராக்கள் பீரோவுக்குப் போயின. திரும்ப அவற்றை வெளியே கொண்டுவந்ததும் டிஜிட்டல்தான். 2008இல் பானசோனிக் ஜி1, 2010இல் சோனி நெக்ஸ் என்று கண்ணாடிப் பெட்டி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின், ஒரு அடாப்டர் இருந்தால் ஏறக்குறைய எந்தப் பழைய லென்ஸையும் மாட்டலாம் என்றாயிற்று. கேமராவுக்கும் அப்படி மாட்டிய லென்ஸுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பர்ச்சரை மாற்ற ரிங் ஒன்றே வழி. முன்பு இறுகிய ரிங்கோடு ஒப்பேற்றியவர்கள்கூட இப்போது அதைச் சரிசெய்துதான் ஆகவேண்டும். ஃபுஜிஃபிலிம் 2012இல் எக்ஸ் வரிசை லென்ஸ்களில் ரிங்கைப் புதிதாகவே திரும்பக் கொண்டுவந்தது. அதற்கும் உள்ளே இருக்கும் பிளேடுகளுக்கும் இடையே இருப்பது மின்சாரம் மட்டும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர் விலை பேசும் முன் ரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி ஒவ்வொரு ‘டிக்’கையும் எண்ணிப் பார்ப்பது நல்லது, நடுவில் ஒன்று விழாவிட்டால் குண்டோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது. சரிசெய்த லென்ஸைச் சாரல் நாட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தேவை மூடி இறுகும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மீண்டும் நீலமாக்கிக்கொள்ளலாம். காற்றின் ஈரம் ஐம்பது சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பூஞ்சையும் அரிப்பும் அண்டாது. தோல் உறைக்குள் வைப்பது கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து ரிங்கை இரு கோடிக்கும் சில தடவை ஓட்டினால் கிரீஸ் ஓரிடத்தில் தங்கி உறையாது.